அளவுக் குடம்

தீராது என்று தெரிந்தே ஆட்கள் போகிற வைத்தியசாலை ஒன்று பொருநை ஆற்றோரம் இருந்தது. காய்ச்சல்காரர்களும் வயிற்றுவலிக்காரர்களும் வழியிலேயே வேறு வைத்தியர்களிடம் நின்றுவிடுவார்கள். இழுப்பு, கீல்வாதம், நீரிழிவு என்று ஆயுசுக்கும் கூடவே வருகிற நோய் உள்ளவர்கள்தான் மணலில் மேலும் கொஞ்ச தூரம் நடந்து அங்கே வந்து சேர்வார்கள்.

வைத்தியர் பெயர் தையல்நாயகி. நாற்பது வயதுகூட இருக்காது. அவருடைய சீடர் மாசிலாமணிக்கோ தலை முழுக்க நரைத்துவிட்டது. சீடர் குருவை "அம்மா" என்பார். குரு சீடரை "ஐயா" என்பார். அதைப் பார்த்துச் சிரித்தவர்களும் இரண்டு நாளில் பழகிப்போனார்கள்.

மாசிலாமணி அரண்மனைக் களஞ்சியத்தில் இருந்தவர். மூட்டை சுமக்கிற ஆளாகச் சேர்ந்து, மரக்கால் பிடித்து நெல் அளக்கிற ஆளாக உயர்ந்தவர். அவர் மனைவி இழுப்பில் கிடந்தபோது தையல்நாயகிதான் பார்த்தார். நோய் கடைசிவரை போகவில்லை. ஆனால் அந்த அம்மாள் கடைசிவரை மாவு அரைத்தாள், சண்டை போட்டாள், சிரித்தாள். அது எப்படி நடந்தது என்று மாசிலாமணிக்குப் புரியவே இல்லை. புரிந்துகொள்ளாமல் இருக்கவும் முடியவில்லை. களஞ்சியச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இங்கே வந்துவிட்டார்.

வந்த இடத்தில் அவரை ஒரு விஷயம் அரித்துக்கொண்டே இருந்தது. விரல் வீங்கியவர்கள் வீங்கிய விரலோடேயே திரும்பிப் போனார்கள். தையல்நாயகி அவர்களை வழியனுப்பிவிட்டு, "நல்லா இருக்காங்க" என்பார். எதை வைத்துச் சொல்கிறார்?

ஒருநாள் கேட்டேவிட்டார்.

"அம்மா, ஒரு சந்தேகம்."

"கேளுங்க ஐயா."

"நோய் போயிட்டா நல்லாயிட்டாருன்னு சொல்லிரலாம். போகாத நோயோட இருக்கவங்க நல்லா இருக்காங்களான்னு எத வச்சு அளக்கது?"

தையல்நாயகி சுக்கு தட்டிக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

"நீங்கதானே அளக்கிறவர். அளந்து பாருங்களேன்."

அவர் என்ன நினைத்துச் சொன்னாரோ, மாசிலாமணி அதை உத்தரவாகவே எடுத்துக்கொண்டார். அன்றைக்கே கிணற்றடியில் ஒரு மண்குடத்தை வைத்தார். குடத்தில் கழுத்துவரை தண்ணீர். தரையிலிருந்து அதைத் தூக்கித் தலையிலோ தோளிலோ வைத்து வேப்பமரம்வரை போய்த் திரும்ப வேண்டும். முடிந்தால் தேறியவர். முடியாவிட்டால் தேறாதவர்.

ஆணென்றும் பெண்ணென்றும் அவர் பார்க்கவில்லை. களஞ்சியத்தில் எல்லோருக்கும் ஒரே மரக்கால், மேலே நிற்பதை வழித்துவிட்டு ஒரே தலைதட்டு. இங்கேயும் எல்லோருக்கும் ஒரே குடம். மனுஷருக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

காலைக் கஷாயத்துக்கு முன்னால் நோயாளிகள் வரிசையில் நிற்பார்கள். களஞ்சியத்தில் முதல் மரக்காலை ஒன்று என்று எண்ணும் வழக்கம் இல்லை, லாபம் என்றுதான் எண்ணுவார்கள். பழகின வாய் இங்கேயும் அப்படித்தான் எண்ணியது.

"லாபம்!"

முதலில் வருவது எப்போதும் ஆவுடைத்தாய். அக்கரை ஊர்க்காரி. கீல்வாதம் அவள் விரல்களைத் திருகிப்போட்டு, தோள்களையும் பூட்டிவிட்டது. நாக்கை மட்டும் அதனால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

"நான் வந்து நின்னா லாபம்னு கூப்பிடுதது ஒலகத்துலயே நீங்க ஒருத்தர்தான் அண்ணாச்சி. எங்க வீட்டுல என்னைய நட்டக் கணக்குல சேத்து ரொம்ப நாளாச்சு."

"பேசாம தூக்கு தாயி."

குனிவாள். குடத்தின் கழுத்தை இரண்டு கையாலும் அணைப்பாள். அது தரையைவிட்டு எழும்பி, முழங்காலைத் தொட்டு, திரும்பவும் தரைக்கே வந்துவிடும்.

"இன்னைக்கும் இல்ல" என்பார் மாசிலாமணி.

"நாளைக்கு இருக்கும்" என்று சிரித்துக்கொண்டே போய் உட்காருவாள்.

அந்தச் சிரிப்புக்கு அடியில் ஒரு பயம் இருந்தது. அக்கரையில் ஆடி மாதம் அம்மன் கோயில் கொடை விழாவின்போது பெண்கள் முளைப்பாரி எடுப்பார்கள். இருட்டறையில் மண்சட்டியில் தானியம் விதைத்து, தண்ணீர் தெளித்து, முளை முழம் உயரம் வந்ததும் தலையில் சுமந்து ஆற்றுக்குப் போய்க் கரைப்பார்கள். எல்லோருக்கும் முன்னால் போவது முதல் பாரி. தலைமுறை தலைமுறையாக அது ஆவுடைத்தாய் வாழ்க்கைப்பட்ட வீட்டின் மூத்த மருமகளுக்கு உரியது. நோய் வந்த பிறகு அவள் எடுக்கவில்லை. தொடர்ந்து மூன்றாவது ஆடியும் எடுக்காவிட்டால் முதல் பாரி அந்த வீட்டைவிட்டுப் போய்விடும். அதுதான் ஊர் வழக்கம். இது மூன்றாவது ஆடி.

விதை போடுவதற்கு முன்னால் ஊர்ப்பெரியவர் சங்கரலிங்கம் தோணி ஏறி வந்தார். தையல்நாயகி மூலிகை பறிக்கப் போயிருந்தார். வாசலில் மாசிலாமணிதான் நின்றார்.

"என்னவே மாசிலாமணி, எங்க ஊர்ப் பிள்ள எப்படி இருக்கா? இந்த வருசம் பாரி எடுப்பாளா?"

கேள்வி கேட்டவர் நல்ல மனுஷர். பதில் சொன்னவரும் கெட்டவர் இல்லை.

"தினமும் குடத்தத் தூக்கச் சொல்லிப் பாக்கேன் பெரியவரே. முழங்காலத் தாண்டல. அவளால முடியாது."

"அளந்து பாத்துச் சொல்லுதீரு. அப்ப சரியாத்தான் இருக்கும்." பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "வேலம்மா வீட்டுக்கு மாத்தச் சொல்லிருதேன். நாளைக்கு மறுநா விதை."

தூணுக்குப் பின்னால் ஆவுடைத்தாய் நின்றிருந்தாள். மாசிலாமணி திரும்பியபோது அவள் முகத்தைப் பார்த்தார். பார்த்திருக்கவே வேண்டாம் என்று தோன்றியது.

அன்று அவள் கஷாயத்தைத் தொடவில்லை. மத்தியானச் சோற்றையும் தொடவில்லை. யாரிடமும் பேசவில்லை. துணைக்கு வந்திருந்த அவள் ஓரகத்தி சொர்ணம் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் அழுதாள். ஆவுடைத்தாய் அழவும் இல்லை. சாயங்காலம் தன் துணிமூட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"போயிருவோம் சொர்ணம். இனிமே எதுக்கு மருந்து?"

மாசிலாமணிக்கு அது நெஞ்சில் தைத்தது. நேராகத் தையல்நாயகியிடம் போனார். அவர் அப்போதுதான் மூலிகைக் கூடையை இறக்கிவைத்திருந்தார். நடந்ததை எல்லாம் சொன்னார்.

"நான் பொய் சொல்லலையேம்மா. இருக்கிறத இருக்கிறபடிதானே சொன்னேன்? பின்ன ஏன் எனக்கு இப்படி இருக்கு?"

தையல்நாயகி வாசல் பக்கம் கை காட்டினார்.

"ஐயா, அந்தா இருக்கு பாருங்க நெல்லு மூட்டை. கொஞ்சம் உள்ள கொண்டுபோய்ப் போடுங்க."

மாசிலாமணி வேட்டியை மடித்துக் கட்டினார். மூட்டைக்கு முன்னால் போய் முதுகைக் கொடுத்து நின்றார். வாய் தானாகக் கூப்பிட்டது.

"யாரு அங்க? ஒரு கை பிடிங்கப்பா!"

"யாரும் வர வேண்டாம்" என்றார் தையல்நாயகி. "தனியாத் தூக்குங்க."

"தனியாவா?"

"தனியா."

குரு சொன்னால் சொன்னதுதான். குனிந்தார். மூட்டையின் இரண்டு காதையும் பிடித்து இழுத்தார். முகம் சிவந்தது, கழுத்து நரம்பு புடைத்தது. மூட்டை லேசாகச் சாய்ந்து, அவருடைய முழங்காலில் இடித்து, பழைய இடத்திலேயே உட்கார்ந்துகொண்டது.

"முடியலையா?" என்றார் தையல்நாயகி.

"வயசாச்சும்மா."

"வாலிபத்துல?"

"வாலிபத்துல இந்த மாதிரி எத்தன மூட்ட சுமந்திருக்கேன்! களஞ்சியத்துல இருந்து அரண்மனை அடுக்களை வரைக்கும் சிட்டாப் பறப்பேன்."

"அப்ப தனியாத் தூக்கினீங்களா?"

"யாராலயும் தனியாத் தூக்க முடியாதேம்மா. ரெண்டு பேரு ரெண்டு பக்கம் பிடிச்சுத் தூக்கிவிடுவாங்க. முதுகுல ஏறிட்டா அப்புறம் எவ்வளவு தூரம்னாலும்…"

அவர் கிணற்றடிப் பக்கம் திரும்பினார்.

கிணற்றடியில் குடம் இருந்தது. அதற்கு அப்பால் ஆற்றுத்துறையில் ஊர்ப் பெண்கள் தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நோய்நொடி இல்லாத பெண்கள்தான். ஒருத்தி நிறைகுடத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு மற்றவளைக் கூப்பிட்டாள். "ஏட்டி, கொஞ்சம் தூக்கிவிடு."

வந்தவள் குனிந்து ஒரு பக்கம் பிடித்தாள். குடம் தலைக்கு ஏறியது. இரண்டு பேரும் பேசிக்கொண்டே நடந்து போனார்கள். தினமும் அவர் கண்ணெதிரே நடப்பதுதான்.

மாசிலாமணி அதற்கப்புறம் அங்கே நிற்கவில்லை. மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிடக்கூட மறந்து ஓடினார்.

"சொர்ணம்! ஏ சொர்ணம்! அழுகைய அப்புறம் வச்சுக்கோ, இங்க வா. அந்தக் குடத்துல ஒரு பக்கம் பிடி. ஆவுடை, நீ எந்திரி. மூட்டைய கீழ வை."

"இன்னும் என்னத்த அளக்கப் போறீக அண்ணாச்சி?" என்றாள் ஆவுடைத்தாய்.

"அளக்கல. எந்திரி."

சொர்ணம் ஒரு பக்கம், மருந்துக்கு வந்திருந்த ஒரு கிழவி மறுபக்கம். குடம் ஆவுடைத்தாயின் தலையில் துணிச் சும்மாட்டின்மேல் போய் உட்கார்ந்தது. தூக்கிப் பிடிக்க அவள் கை உயராது. பிடிக்காமலே நின்றாள். கண்ணை மூடினாள். பிறகு நடந்தாள். வேப்பமரம்வரை போய், மரத்தைச் சுற்றி, திரும்பி வந்தாள். ஒரு சொட்டுத் தண்ணீர்கூட நெற்றியில் வழியவில்லை.

"சின்னப் பிள்ளையில இருந்து கை விட்டுத்தான் நடப்பேன்" என்றாள், இறக்கிவைத்த பிறகு. "நீங்க நடக்க விடவே இல்லையே அண்ணாச்சி. தூக்குததோடயே நிறுத்திட்டீக."

மறுநாள் விடிந்ததும் மாசிலாமணி தோணி ஏறினார். பெரியவர் தன் வீட்டில் பழைய சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ஆவுடைத்தாய் பாரி எடுப்பா" என்றார் மாசிலாமணி.

"நேத்து முடியாதுன்னு சொன்னீரே."

"தப்பா அளந்துட்டேன்."

பெரியவர் வாயில் வைத்த சோற்றை மெல்லாமல் பார்த்தார். அரண்மனை மரக்கால் பிடித்த மாசிலாமணி வாயிலிருந்து அந்த வார்த்தை வரும் என்று யாரும் நினைத்ததில்லை. அவரே நினைத்ததில்லை.

"நோய் கொறஞ்சிட்டா?"

"இல்ல. அது அப்படியேதான் இருக்கு. இனியும் இருக்கும்."

"முதல் பாரி கீழ விழுந்தா ஊருக்கு ஆகாது. தெரியும்லா?"

"விழாது."

"விழுந்தா அந்த வைத்தியசாலைக்கு ஒரு ஈ காக்கா வராது. தையல்நாயகி அம்மா பேருக்குத்தான் கேடு. அதுவும் தெரியும்லா?"

அந்தப் பயம் மாசிலாமணிக்கும் இருந்தது. ஆனாலும் தலையாட்டினார்.

விதை போட்டார்கள். முளைவீட்டு இருட்டில் ஆவுடைத்தாய் தன் சட்டிக்குத் தண்ணீர் தெளித்தாள். மற்றப் பெண்கள் விரலால் தெளிப்பார்கள். இவள் வேப்பங்குழையைத் தண்ணீரில் நனைத்து உதறினாள். கும்மிக்குக் கைதட்ட அவளுக்கு வராது. அவள் பாடினாள், மற்றவர்கள் தட்டினார்கள். பகலில் ஆற்றைக் கடந்து வந்து மருந்து குடித்தாள், தைலம் தேய்த்துக்கொண்டாள், மணல் நிரப்பிய சட்டியைச் சுமந்து முற்றத்தில் நடந்தாள். மாசிலாமணி அவளுக்கு முன்னால் குனிந்து கல் பொறுக்கிக்கொண்டே போவார். பார்க்கச் சிரிப்பாக இருக்கும்.

கொடை நாள் வந்தது. சாயங்கால வெயில் மஞ்சளாக விழுந்திருந்தது. முத்தாரம்மன் கோயில் முன்னால் பாரிகள் வரிசையாக இருந்தன. வெயில் படாமல் வளர்ந்த முளைகள் வெளிறிய பொன்னிறத்தில் சிலுசிலுவென்று நின்றன.

தையல்நாயகி கூட்டத்தின் ஓரமாக நின்றார். மாசிலாமணிக்கு நிற்க முடியவில்லை. உட்காரவும் முடியவில்லை.

ஆவுடைத்தாய் குளித்து, மஞ்சள் பூசி, தலையில் சும்மாடு வைத்து வந்து நின்றாள். சொர்ணம் சட்டியின் ஒரு பக்கம் பிடித்தாள். மறுபக்கம் பிடிக்க வேண்டிய பெண் முன்னால் வரத் தயங்கினாள். கீழே விழுந்தால் பழி தனக்கும் வருமே என்று அவளுக்குப் பயம். கூட்டம் சலசலத்தது.

அப்போது ஒருத்தி எல்லோரையும் விலக்கிக்கொண்டு வந்தாள். வேலம்மாள். ஆவுடைத்தாய் தவறினால் முதல் பாரி யார் வீட்டுக்குப் போகுமோ அந்த வேலம்மாள்.

"தள்ளு" என்று தயங்கி நின்றவளிடம் சொன்னாள். குனிந்து மறுபக்கம் பிடித்தாள். "என்ன மதினி, தூக்கலாமா?"

"தூக்கு" என்றாள் ஆவுடைத்தாய்.

முதல் பாரி தலைக்கு ஏறியது. குலவைச் சத்தம் கோயில் மதிலில் மோதித் திரும்பியது. கொட்டு முழங்கியது. ஆவுடைத்தாய் கைகளைத் தொங்கவிட்டு, கழுத்தை நிமிர்த்தி, முதல் அடி வைத்தாள்.

"லாபம்" என்றார் மாசிலாமணி, தன்னை அறியாமல். பக்கத்தில் நின்ற ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

தெரு திரும்பும் இடத்தில் அவள் நின்றாள். முழங்கால் பூட்டிக்கொண்டது தூரத்திலிருந்தே மாசிலாமணிக்குத் தெரிந்தது. ஓடிப்போய்ப் பிடிக்கக் கால் துடித்தது. தையல்நாயகி அவர் கையை அழுத்திப் பிடித்தார்.

முதல் பாரியை யாரும் முந்தக் கூடாது. அவள் நின்றதும் பின்னால் வந்த பாரிகள் எல்லாம் நின்றன. கொட்டுக்காரர்கள் அவள் காலைப் பார்த்தார்கள். வேகத்தைக் குறைத்தார்கள். இன்னும் குறைத்தார்கள். ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் நிதானமாக மூச்சுவிட இடம் இருக்கும்படி வாசித்தார்கள். ஆவுடைத்தாய் ஒரு காலை எடுத்து வைத்தாள். கொட்டு ஒருமுறை விழுந்தது. மறுகாலை எடுத்து வைத்தாள். கொட்டு மறுமுறை விழுந்தது. பாரிகளும் கொட்டும் சாமியாடியும் ஊர்ப்பெரியவரும் அவள் நடைக்கே நடந்தார்கள். இத்தனை நிதானமாக, இத்தனை அழகாக ஒரு முளைப்பாரி ஆற்றுக்குப் போய் அந்த ஊர் பார்த்ததில்லை.

துறையில் இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் நின்று, அவள் தலையைச் சாய்த்தாள். சொர்ணமும் வேலம்மாளும் இறக்கினார்கள். முளைகள் ஆற்றோடு போயின. ஆவுடைத்தாய் இரண்டு திருகிய கைகளாலும் தண்ணீரை அடித்து அடித்துச் சிரித்தாள். கரையில் நின்ற மாசிலாமணி வெட்கப்படாமல் அழுதார். ஊர்ப்பெரியவர் தன் துண்டை எடுத்து அவரிடம் நீட்டினார்.

மறுநாள் காலையில் ஆவுடைத்தாய் கஷாயத்துக்குப் பிந்தித்தான் வந்தாள். விரல் மடங்கவில்லை. தலைமுடியை முடியக்கூட முடியாமல் அப்படியே விட்டிருந்தாள்.

"வலிக்கா தாயி?" என்றார் மாசிலாமணி.

"வலிக்காம இருக்குமா? முழங்கால் என்னையத் தூங்கவே விடல." கஷாயக் கிண்ணத்தை இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் இடுக்கி வாங்கினாள். "சாமிக்கு முன்னால நடந்தேன்லா அண்ணாச்சி! பாத்தீகளா? எனக்காக ஊரே மெல்ல நடந்துச்சு. பாத்தீகளா?"

"பாத்தேன் தாயி."

ஒரே மடக்கில் குடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னாள்.

மாசிலாமணி கிணற்றடிக்குப் போனார். குடம் அங்கேயே இருந்தது. ஆற்று மணலில் ஒரு வில்வண்டி மெதுவாக வந்துகொண்டிருந்தது. உள்ளே யாரோ இருமுவது கேட்டது. புதிய நோயாளி.

தையல்நாயகி வாசலில் நின்று வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா" என்றார் மாசிலாமணி. "இந்தக் குடத்த உடைச்சிரவா?"

"ஏன் உடைக்கணும்? நிரப்புங்க."

நிரப்பினார், கழுத்துவரை.

"இப்ப வாரவர நான் எத வச்சு அளக்கணும்? அத மட்டும் சொல்லிருங்க."

தையல்நாயகி படி இறங்கி வந்தார். முந்தானையை இடுப்பில் செருகினார். குனிந்து குடத்தின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டு குழம்பி நின்ற சீடரை நிமிர்ந்து பார்த்தார்.

"அளக்க வேண்டாம், கேளுங்க. எங்க கொண்டுபோகணும், ஐயா?"